பேர் வைக்கிறதுல என்ன இருக்கு?

மை எஸ்.க்யூ.எல்-ல 'லீவ்' என்ற பெயரில் ஒரு டேபிள் உருவாக்கிப் பாருங்க. கிடைக்காது. காலேஜ்லதான் லீவ் கேட்டா கிடைக்காதுன்னு நினைச்சிருப்போம், டேட்டாபேஸும் அதே கட்சிதான். 1064 என்று ஒரு எரர் நம்பரைப் போட்டு, உங்க சின்டாக்ஸ் தப்பு, மேனுவலைப் பாருங்க என்று திருப்பி அனுப்பிடும். லீவ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் மினி ப்ராஜெக்ட் எடுத்த பாதிப் பேர் இந்தச் சுவரில் ஒரு தடவை முட்டியிருப்பாங்க.

காரணம் ரொம்பச் சின்னது. மை எஸ்.க்யூ.எல்-ல ஸ்டோர்டு புரொசீஜர் எழுதும்போது, லூப்பை விட்டு வெளியே வர 'லீவ்' என்றுதான் சொல்லணும். அந்தச் சொல்லை அது தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது. நாம் அதே சொல்லைப் பெயராக வைத்தால், இது கட்டளையா பெயரா என்று அதுக்குக் குழப்பம். அதனால் முன்னாடியே துண்டு போட்டு வைத்த சீட்டு மாதிரி, அந்தச் சொல்லில் வேற யாரும் உட்கார முடியாது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட சொற்களைப் பற்றியும், டேட்டாபேஸில் பேர் வைக்கும் விதிகளைப் பற்றியும்தான். பாதி வழியில் அது மனுஷங்க பேரைப் பற்றியதாக மாறும். எனக்கு முக்கியமாப் படுறது அந்தப் பாதிதான்.

துண்டு போட்ட சீட்டுகள்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சென்னை - அரக்கோணம் - திருத்தணி லோக்கல் ரயில்களுக்கான ஒரு சின்ன டேட்டாபேஸ். நான் மணவூர்க்காரன். திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். நாலு வருஷமா அந்த ரயில்லதான் காலேஜுக்கு வர்றேன். அதனால் சப்ஜெக்ட் தேட வேண்டியிருக்கவில்லை.

ரயில் என்றாலே முதலில் மனசுக்கு வரும் இரண்டு காலம் பெயர்கள் 'ஃப்ரம்', 'டு'. எங்கிருந்து, எங்கே. இந்த இரண்டுமே மை எஸ்.க்யூ.எல்-ல ஒதுக்கப்பட்ட சொற்கள். கேன்டீனுக்கு ஆப் செய்தால் 'ஆர்டர்' வேணும், அதுவும் ஒதுக்கப்பட்டது. 'குரூப்', 'கீ', 'இண்டெக்ஸ்', 'ரேஞ்ச்', 'கண்டிஷன்' எல்லாமே அப்படித்தான். விவரம் எழுத 'டிஸ்க்ரிப்ஷன்' என்ற சொல்லின் முதல் நாலு எழுத்தை மட்டும் சுருக்கி வைத்தால், அது இறங்குவரிசைக்கான சொல்லாகிவிடும். அன்றாடம் நாம் அதிகம் புழங்கும் சொற்கள்தான் அதுக்கும் வேண்டியிருக்கு.

அது தற்செயல் இல்லை. 1970ல் ஐ.பி.எம்-ல் இருந்த காட், ரிலேஷனல் மாடலை எழுதினார். அதன் மேல் 1974ல் சேம்பர்லினும் பாய்ஸும் ஒரு கேள்வி மொழி செய்தார்கள். கணக்குத் தெரியாதவரும் ஆங்கிலத்தில் பேசுவது மாதிரியே டேட்டாவைக் கேட்க முடியணும் என்பது அவர்கள் எண்ணம். அப்படிச் செய்தால் மொழியின் கட்டளைகள் எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்களாகத்தானே இருக்கும்? அந்தச் சாதாரணச் சொற்களே பிறகு நமக்குக் கிடைக்காமல் போயின.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த மொழிக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'சீக்வல்'. பிரிட்டனின் ஹாக்கர் சிட்லி விமானக் கம்பெனி அந்தப் பெயரை ஏற்கெனவே டிரேட்மார்க் செய்திருந்தது. அதனால் உயிரெழுத்துகளை எடுத்துவிட்டு எஸ்.க்யூ.எல் ஆக்கினார்கள். பேர் வைக்க நமக்கு இத்தனை கண்டிஷன் போடுற மொழிக்கே, தான் விரும்பிய பேர் கிடைக்கலை.

ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியல் நிலையாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவும் வளரும். மை எஸ்.க்யூ.எல் 5.7-ல் 'ரேங்க்' என்று ஒரு காலம் வைக்கலாம். 2018ல் வந்த 8.0-ல் வின்டோ ஃபங்ஷன்கள் சேர்ந்தபோது 'ரேங்க்' ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. 'குரூப்ஸ்', 'சிஸ்டம்' ஆகியவையும் கூடவே போயின. சீனியரிடமிருந்து கைமாறி வரும் ரிசல்ட் அனாலிசிஸ் கோடு, எதையும் தொடாமலே உங்க லேப்டாப்பில் ஓடாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அவர் எழுதியபோது அது வெறும் சொல்தான். அப்புறம்தான் சட்டம் வந்தது.

போஸ்ட்கிரெஸ்ல 'யூசர்' இன்னும் விசேஷம். அந்தப் பெயரில் டேபிள் உருவாக்க விடாது. ஆனால் அப்படி ஒரு டேபிள் இருப்பதாக நினைத்து 'செலக்ட் ஸ்டார் ஃப்ரம் யூசர்' என்று கேட்டால் எரர் வராது. இப்போது லாகின் செய்திருப்பவரின் பெயரை ஒற்றை வரியில் காட்டும். எரர் வந்தால் தேடித் திருத்தலாம். அமைதியாகத் தப்பான பதில் வந்தால் என்ன செய்வது?

மேற்கோள் குறிக்குள் போட்டால் எந்தச் சொல்லையும் பெயராக வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். மை எஸ்.க்யூ.எல்-க்கு பேக்டிக், போஸ்ட்கிரெஸுக்கும் ஆரக்கிளுக்கும் இரட்டை மேற்கோள், எஸ்.க்யூ.எல் சர்வருக்குச் சதுர அடைப்பு. ஆனால் ஒரு தடவை மேற்கோள் போட்டுப் பேர் வைத்தால், அதற்குப் பிறகு அந்தக் கோடைத் தொடும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தடவையும் போடணும். ஒருத்தர் மறந்தாலும் போச்சு. வேறு ஒரு சொல்லை யோசிப்பது அதைவிடச் சுலபம்.

நன்னூலிலும் எரர் உண்டு

நான் ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பேப்பர் மட்டும்தான். இலக்கணப் பகுதியை மார்க்குக்காக மட்டும் படித்தவன். டி.பி.எம்.எஸ் படிக்கும்போதுதான் அதில் பாதி மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

டேட்டாபேஸில் பொதுவான விதி ஒன்று: பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, எழுத்தில் தொடங்கணும். நன்னூலில் இதைவிடக் கறாரான விதி இருக்கு. உயிர் 12ம், மெய்யில் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய 10ம்தான் சொல்லுக்கு முதலில் வரலாம். ட, ர, ல எதுவும் வரக் கூடாது. அதனால்தான் ராமன் இராமன் ஆனார். ஒரு சொல் உள்ளே நுழைவதற்கு முன் 'இ' என்று ஒரு எழுத்தைச் சேர்த்து வேலிடேட் செய்து அனுப்பினார்கள். இந்தக் கணக்கில் 'டேபிள்' என்ற சொல்லே எரர். 'லீவ்' ல-வில் தொடங்குவதால் அதுவும் எரர். லீவ் எங்கேயும் கிடைக்காது என்பது இத்துடன் உறுதியாகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது பெயர்ச்சொல்லின் இரண்டு வகைகள். இடுகுறிப் பெயர், காரணப் பெயர். 'மண்', 'மரம்' என்பவை இடுகுறி. ஏன் அந்தப் பேர் என்றால் காரணம் கிடையாது, முன்னோர் வைத்தார்கள், அவ்வளவுதான். 'பறவை', 'நாற்காலி' காரணப் பெயர். பறப்பதால் பறவை, நாலு கால் இருப்பதால் நாற்காலி.

டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பிரைமரி கீ வேணும். அதற்கு இரண்டு வழி. டேட்டாவில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை, உதாரணமாகப் பெயரையோ போன் நம்பரையோ, கீ ஆக வைப்பது ஒன்று. அது நேச்சுரல் கீ. அர்த்தமே இல்லாத 1, 2, 3 என்று ஒரு எண்ணை நாமே ஒட்டுவது இன்னொன்று. அது சரோகேட் கீ. முதலாவது காரணப் பெயர், இரண்டாவது இடுகுறிப் பெயர். எது நல்லது என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். பதில் சொல்ல எங்க ரயில் பாதையே போதும்.

ஸ்டேஷன் கோடு என்கிற பாடம்

இந்திய ரயில்வேயில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கோடு உண்டு. திருவள்ளூர் டி.ஆர்.எல், திருத்தணி டி.ஆர்.டி. பார்த்தாலே தெரியும் காரணப் பெயர்கள். அரக்கோணம் ஏ.ஜே.ஜே, மணவூர் எம்.ஏ.எஃப். எங்க ஊர்ப் பெயரில் அந்த 'எஃப்' எங்கே இருக்கு என்று நானும் ரொம்ப நாள் யோசித்தேன், இல்லை. எங்களுக்கு முந்தின ஸ்டேஷன் செஞ்சி பனம்பாக்கம். அதன் கோடின் நாலு எழுத்தைச் சேர்த்துப் படித்தால் 'ஸ்பாம்'. மெயில் அனுப்பினால் எந்தப் பெட்டியில் விழும் என்று எங்க கேங்கில் நிரந்தரக் கிண்டல். ஆனால் டேட்டாபேஸுக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. கட்டத்துக்குள் இருக்கும் மதிப்பு எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். கட்டத்தின் தலைப்புக்குத்தான் விதி. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வேணும்.

மெட்ராஸ் 1996ல் சென்னை ஆச்சு. 2019ல் சென்ட்ரல் ஸ்டேஷனே புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயருக்கு மாறியது. கோடு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் எம்.ஏ.எஸ்தான். பேர் இரண்டு தடவை மாறியும் டிக்கெட்டும் டைம்டேபிளும் குழம்பவில்லை. மெட்ராஸில் இருந்து வந்த காரணப் பெயர், காரணம் போனதும் இடுகுறிப் பெயராகிவிட்டது, அதனால் பிழைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. முகல்சராய் ஸ்டேஷன் 2018ல் தீன்தயாள் உபாத்யாய ஜங்ஷன் ஆனபோது எம்.ஜி.எஸ் என்ற கோடும் டி.டி.யூ ஆனது. அலகாபாத் 2020ல் பிரயாக்ராஜ் ஆனபோது ஏ.எல்.டி போய் பி.ஆர்.ஒய்.ஜே வந்தது. கோடுக்குள் பேர் தெரிந்தால், பேரை மாற்றுகிறவர்களுக்குக் கோடையும் மாற்றத் தோன்றும். கீ மாறினால் அதைப் பிடித்துத் தொங்கும் எல்லாம் மாறணும்.

திருத்தணி தாலுகாவையே எடுத்துக்கொள்ளுங்க. 1953 அக்டோபர் 1 வரை மெட்ராஸ் மாநிலத்தின் சித்தூர் மாவட்டம். அன்றிலிருந்து ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றவர்களின் வடக்கு எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959ல் எல்லை மாற்றச் சட்டம், எல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1 அன்று மெட்ராஸ் மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1969ல் மாநிலத்தின் பேர் தமிழ்நாடு. 1997ல் மாவட்டத்தின் பேர் திருவள்ளூர். மாநிலம் + மாவட்டம் + ஊர் என்று மூன்றையும் சேர்த்து யாராவது ஒரு கீ செய்திருந்தால், 50 வருஷத்துக்குள் அது நாலு தடவை உடைந்திருக்கும். மலை ஒரு அடி கூட நகரவில்லை.

16 எழுத்து, 81 பைட்

திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டா பக்கம் போனால், பொன்பாடிக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் ஒரு ஸ்டேஷன் இருக்கு: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆங்கிலத்தில் 28 எழுத்து. இந்தியாவின் நீளமான ஸ்டேஷன் பேர் என்று முன்பெல்லாம் குவிஸ்ஸில் கேட்பார்களே, அதுதான். கோடு வி.கே.இசட். அந்தப் பக்கம் ஒடிசாவில் 'ஈப்' என்று ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷன் பெயர் குறைந்தது 3 எழுத்து, அதிகபட்சம் 20 என்று யாராவது ஃபார்மில் விதி போட்டால் இரண்டு ஊரும் இந்திய வரைபடத்தில் இருந்து காணாமல் போகும். சென்ட்ரலின் புதுப் பேரே டிக்கெட் புக்கிங்கில் 'எம்.ஜி.ஆர் சென்னை' என்பதற்குப் பிறகு சென்ட்ரல் என்ற சொல்லை மூன்று எழுத்தாகச் சுருக்கித்தான் வருகிறது.

டேபிள் பெயருக்கும் காலம் பெயருக்கும் நீள வரம்பு உண்டு. மை எஸ்.க்யூ.எல்-ல 64 எழுத்து. ஆரக்கிளில் ரொம்ப காலம் 30 பைட்தான், 12.2 வெர்ஷனில் இருந்து 128. போஸ்ட்கிரெஸில் 63 பைட். எழுத்து என்பதும் பைட் என்பதும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். தமிழில் இல்லை. யூ.டி.எஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. 'மணவூர்' நமக்கு 4 எழுத்து. கம்ப்யூட்டருக்கு ம, ண, வ, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று 6 குறி, 18 பைட்.

தமிழிலேயே டேபிளுக்குப் பேர் வைக்கலாமா? தாராளமாக. போஸ்ட்கிரெஸும் மை எஸ்.க்யூ.எல்-உம் ஏற்றுக்கொள்ளும். ஒதுக்கப்பட்ட சொல் பிரச்சினையே வராது, ஏனென்றால் பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல் கூட இல்லை. ஆனால் நீளம் இடிக்கும். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை தமிழில் 16 எழுத்து, 27 குறி, 81 பைட். இந்தப் பெயரில் போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிள் உருவாக்கினால் 63 பைட்டோடு வெட்டிவிடும். 63 பைட் என்றால் 21 குறி. எண்ணிப் பாருங்க, சரியாக 'வெங்கடநரசிம்மராஜுவாரி' வரை வரும். ராஜு இருப்பார், அவருடைய பேட்டை போய்விடும். எரர் கூட இல்லை, வெட்டிவிட்டேன் என்று ஒரு நோட்டீஸ் மட்டும்.

பொன்பாடியில் வேறு பிரச்சினை. 'பொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். பைட்டுக்கு வேறு வேறு. ஒருத்தர் ஒரு கீபோர்டில் அடித்தது, இன்னொருத்தர் வேறு வழியில் அடித்தது, இரண்டு பொன்பாடி ஆகிவிடும். நார்மலைஸ் செய்து சேமித்தால்தான் ஒன்றாகும். பைத்தான் தன் வேரியபிள் பெயர்களுக்கு இதைத் தானே செய்துகொள்கிறது. போஸ்ட்கிரெஸ் செய்யாது, நாம்தான் செய்யணும்.

கட்டத்துக்குள் வருகிற மனுஷன்

இதுவரை சொன்னதெல்லாம் கட்டத்துக்கு வைக்கும் பெயர். அதில் விதி எவ்வளவு கறாராக இருந்தாலும் நல்லதுதான். யாருக்கும் வலிக்காது. ஆர்டர் என்ற பேர் கிடைக்காததால் எந்த டேபிளும் அழாது.

சிக்கல் எங்கே என்றால், இதே மனநிலையோடு கட்டத்துக்குள் வரும் பெயருக்கும் விதி போடும்போது.

'சர்நேம்' என்று ஒரு பெட்டி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. டேட்டாபேஸ் மொழியில் 'நாட் நல்'. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு சர்நேமே கிடையாது. இருப்பது நம்ம பேர், அப்பா பேரின் முதலெழுத்து. போன வருஷம் ஒரு இன்டர்ன்ஷிப் ஃபார்மில் சர்நேம் குறைந்தது இரண்டு எழுத்து இருக்கணும் என்று கேட்டது. எங்க கிளாஸில் ஒருத்தன் இனிஷியலை இரண்டு தடவை போட்டான், ஒருத்தி அப்பா பேரைப் போட்டாள், இன்னொருத்தன் தன் பேரையே திரும்பப் போட்டான். ஆஃபர் லெட்டர் அந்தந்தப் பேரிலேயே வந்தது. அப்பா பேரைப் போட்டவளை மெயிலில் ஆறு மாசமும் அவ அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க.

இந்த வெற்றிடம் மறதியால் வந்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விடணும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக இங்கே ஜனங்கள் அதை உதிர்த்தார்கள். நம்ம பேரில் கடைசிப் பெட்டி காலியாக இருப்பது விடுபட்ட தகவல் இல்லை. யோசித்து எடுத்த முடிவு.

காட் இதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1986ல் எழுதிய கட்டுரையில், காலிக் கட்டம் இரண்டு வகை என்றார். மதிப்பு உண்டு, ஆனால் நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. இந்த ஆளுக்கு அப்படி ஒரு மதிப்பே பொருந்தாது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் வேணும் என்று கேட்டார். எஸ்.க்யூ.எல்-ல இன்றைக்கும் 'நல்' ஒன்றுதான். தெரியாததும் இல்லாததும் அங்கே ஒன்றே.

அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் இருப்பவருக்கு முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யூ' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பேரைச் சொன்ன பிறகும் தெரியவில்லை என்று எழுதினால் எப்படி? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லில் பேர் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். துபாய்க்கு வேலை தேடிப் போகும் மாமா, சித்தப்பா இல்லாத தெரு நம்ம ஊரில் எது?

எங்க பக்கம் இன்னொரு கூடுதல் முடிச்சு. எல்லைப் பகுதி என்பதால் தமிழ் வீடும் தெலுங்கு வீடும் ஒரே தெருவில் இருக்கும். தமிழ் வீட்டில் பேருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பேர். தெலுங்கு வீட்டில் அது இண்டி பேரு, அதாவது வீட்டுப் பேர், தலைமுறைக்கும் மாறாது. அட்டெண்டன்ஸில் இரண்டு பேருக்கும் 'கே' என்று ஒரே எழுத்து. ஒன்று ஒரு மனுஷன், இன்னொன்று ஒரு வம்சம். காலம் ஒன்று, அர்த்தம் இரண்டு. இதில் பெண்களுக்குக் கல்யாணம் ஆனதும் பல வீடுகளில் இனிஷியலே மாறும். எங்க அம்மாவின் பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில் தாத்தா, ரேஷன் கார்டில் அப்பா. ஆள் ஒரே ஆள்.

பேரே தனித்துவமானதும் இல்லை. திருத்தணி மலைக்குக் கீழே நின்று 'தணிகைவேல்' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவாங்க. மலை மேல இருக்கிறவரும் திரும்புவார்.

ஒரு பைட்டின் விலை

என் பாட்டியின் பேர் 'அம்மா'வில் முடியுமா, 'அம்மாளி'ல் முடியுமா என்பது எங்க வீட்டில் யாருக்கும் கேள்வியாக இருந்ததில்லை. அவங்க பிறந்த ஊரில் தெலுங்கு வாடை, அங்கே அம்மா. கட்டிக்கொடுத்த ஊரில் தமிழ், இங்கே அம்மாள். இரண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாங்க. ஒரு கார்டில் ஆங்கிலத்தில் கடைசியில் 'எல்' இருக்கு, இன்னொரு கார்டில் இல்லை. பல வருஷம் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

ரெக்கார்டுகளை ஒன்றோடு ஒன்று இணைக்க ஆரம்பித்தபோது பட்டது. பாட்டிக்கு மாசாமாசம் வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை நின்றது. கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குதும்மா என்று கவுன்டரில் சொன்னார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை, அவர் முன்னாடி இருந்த ஸ்கிரீனில் அவருக்கு அழுத்த வேறு பட்டனே இல்லை. அஃபிடவிட், திருத்த மனு, மறுபடி கைரேகை என்று நாலு மாசம் ஆச்சு. ஆங்கிலத்தில் 'எல்' என்ற எழுத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டுக்கு நாலு மாசம்.

"என் பேர் எனக்குத் தெரியாதாடா?" என்று பாட்டி என்னிடம் கேட்டாங்க. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டாங்க. எழுபது வருஷமா இருக்கிற பேர் மேல ஒரு மனுஷிக்குச் சந்தேகம் வர வைப்பதற்கு, இரண்டு டேபிளுக்கு நடுவில் ஒரு சமன்குறி போதும். இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் ஒரே ஆள் என்று எழுதிய அந்த ஒரு வரி.

பேரை வைத்து இணைக்கக் கூடாது என்று இரண்டாம் வருஷ சிலபஸிலேயே இருக்கு. பேர் மாறும், பேர் இரட்டிக்கும், பேருக்குப் பல எழுத்து வடிவம் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற ஆணை போட்டது. வேலூர், கோயம்புத்தூர் எல்லாம் எப்படி எழுதப்போகிறார்கள் என்று பெரிய விவாதம். சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நிபுணர்களைக் கூட்டி வைத்தும் ஒரு ஊருக்கு ஒரே ஆங்கில எழுத்து என்பதில் ஒத்துப்போக முடியவில்லை. அப்படியிருக்க, கையெழுத்து போடத் தெரியாத ஒரு பாட்டி மூன்று கார்டிலும் ஒரே மாதிரி எழுத வைத்திருக்கணும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எங்க ப்ராஜெக்ட்டில்

எங்க டீமில் நாங்கள் எழுதி வைத்துக்கொண்ட விதிகள் இவை. டேபிளுக்கும் காலத்துக்கும்: எல்லாம் சின்ன எழுத்து, சொற்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர். போஸ்ட்கிரெஸ் மேற்கோள் இல்லாத பெயரைச் சின்ன எழுத்தாக்கும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும். அதனால் கலந்து எழுதும் பேச்சே இல்லை. 'ஃப்ரம்', 'டு' இல்லை. புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன் என்று முழுசாக. ஒற்றைப் பொதுச்சொல் எதையும் வைப்பதில்லை. இரண்டு சொல்லாகச் சேர்த்துவிட்டால் எந்த வெர்ஷன் எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் கவலையில்லை. சுருக்கம் இல்லை. அடுத்த வருஷம் இதை எடுக்கும் ஜூனியருக்குப் படித்தவுடன் புரியணும்.

ஸ்டேஷனுக்கு ஒரு இடுகுறி எண் கீ. கோடு தனிக் காலம். பேர்கள் தனி டேபிள், ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும், தமிழில், தெலுங்கில், ஆங்கிலத்தில், பழையது, புதியது. மெட்ராஸ் என்று தேடினாலும் சென்னை வரும்.

பயணிக்கு: பேர் என்று ஒரே ஒரு பெட்டி. முதல், நடு, கடைசி எதுவும் கிடையாது. குறைந்தபட்ச நீளம் இல்லை. எப்படிக் கூப்பிடணும் என்று இன்னொரு பெட்டி, விருப்பம் இருந்தால் நிரப்பலாம். ரிவ்யூவில், சர்நேம் இல்லாமல் எப்படி சார்ட் செய்வீங்க என்று கேட்டாங்க. பேரின் முதல் எழுத்தை வைத்து என்று சொன்னோம். நம்ம அட்டெண்டன்ஸ் இத்தனை வருஷமா அப்படித்தானே ஓடுது.

இன்னும் ஆறு மாசத்தில் நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்து ஏதோ ஒரு ஃபார்முக்கு டேபிள் டிசைன் செய்துகொண்டிருப்போம். 'சர்நேம் நாட் நல்' என்று அடிக்க ஒரு செகண்ட் போதும். அடிக்கும் முன், அந்த ஃபார்மை நிரப்பப் போகிறவர்களில் உங்க வீட்டு ஆள் யாராவது இருப்பாங்களா என்று மட்டும் ஒரு தடவை யோசித்துப் பாருங்க. எங்க பாட்டிக்கு உதவித்தொகை இப்போ வருது. கார்டில் 'எல்' சேர்த்தாச்சு. பிறந்த ஊர்ப் பக்கம் போனால் இன்னும் அந்த 'ள்' இல்லாமல்தான் கூப்பிடுறாங்க.